இருபத்தோரு கேள்விக்குறிகள்

மணிமொழி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. எட்டு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம். நின்றுகொண்டே எழுதுவாள், நின்றுகொண்டே டீ குடிப்பாள், பேசும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்தே இருக்கும். "ஏன்டி, காலில் சக்கரமா கட்டியிருக்க?" என்று நானும் கேட்டு அலுத்துவிட்டேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி அது. பெயரைச் சொன்னால் மேனேஜர் அரங்கநாதன் சார் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் மலர்கொடி. வாசலில் டோக்கன் கொடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்லுவார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். மணிமொழிக்கு எக்ஸ்ரே ரூமில் பதிவு வேலை. வயது முப்பத்தொன்று, சொந்த ஊர் ஆலத்தியூர். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு மெட்ராஸில் ஒரு கம்பெனியில் இருந்தாள். பெரிய பெரிய மெஷின்களைக் கருப்பு ஜன்னலில் கமாண்டு அடித்தே ஓட்டும் வேலையாம். ஆறே மாதம். அம்மா திடீரென்று போய்விட, அப்பா தனியாகிவிட்டார் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் படிப்புக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் பெயரும் வயதும் தட்டிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் எனக்குத்தான் வயிறு எரியும், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அப்பா ராசாங்கம். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். தினமும் சரியாக ஒரு மணிக்குப் போன் பண்ணுவார். "சாப்டியாம்மா?" என்பார். "சாப்ட்டேன்ப்பா" என்பாள். டிபன் பாக்ஸ் என் மேசைமேல் மூடினபடி இருக்கும். மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ அதைத் திறந்து நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். அப்பனும் மகளும் ஒருவருக்கொருவர் அவ்வளவுதான் பேசுவார்கள். "இருமல் இருக்காப்பா?" என்றால் "ஒண்ணுமில்லம்மா." அதற்கு மேல் அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம், ஆடிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. வியாழன் அவளுக்கு வார லீவு. ராசாங்கம் பெரியப்பா வரிசையில் வந்து நிற்கிறார்.

"மணிக்கு இன்னிக்கு லீவாச்சே பெரியப்பா" என்றேன்.

"தெரியும்மா. அதனாலதான் வந்தேன். வூட்டுல லோடு இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

நெஞ்சில் ஏதோ குத்துகிறதாம், ஒரு படம் எடுக்க வேண்டுமாம், அந்தப் புள்ளைக்குத் தெரியக் கூடாதாம். என் இரண்டு பிள்ளைகள் மேலும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் டோக்கனையே கையில் வாங்கினார். எக்ஸ்ரே எடுக்கும் குழந்தைவேல் அண்ணனிடமும் அதே சத்தியம். நுரையீரலில் மிளகளவு ஒரு புள்ளி தெரிகிறது, தஞ்சாவூர் போய்க் காட்டுங்கள் என்றார் டாக்டர். "ஆகட்டுங்க சார்" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தவர் என்னிடம், "படமெல்லாம் கையில வேணாம், இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். தஞ்சாவூருக்குப் போகவில்லை. அப்புறமும் வருஷம் இடைவெளி விட்டு மூன்று தடவை வந்தார், மூன்றும் வியாழக்கிழமை. நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் மேல் சத்தியம், என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

போன ஐப்பசியில் இருமல் மூன்று வாரம் நிற்கவில்லை. மணிமொழி அவரை இழுக்காத குறையாகத் தஞ்சாவூர் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே படம் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர் இரண்டே பேச்சுத்தான் பேசினாராம். பழைய படம் ஏதாவது இருந்து, அதிலும் புள்ளி இதே அளவில் இருந்தால் பயமில்லை, கத்தி வேண்டாம். பழைய படமே இல்லையென்றால் காத்திருந்து பார்க்க முடியாது, வியாழக்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள், திறந்துவிடலாம்.

"இதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராசாங்கம் சொன்ன பதில், "எடுத்ததே இல்லீங்க."

மணிமொழிக்கு ஒரு ஞாபகம் மட்டும் இருந்தது. அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்னால், 2016-இல் லாரி டிரைவர்களுக்கு முகாம் போட்டு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்பாவும் போயிருப்பார், அது கம்ப்யூட்டரில் கிடக்கும் என்று அதை மட்டுமே நம்பிக்கொண்டு திரும்பி வந்தாள். வழியிலேயே போன் பண்ணி என்னிடம் சொன்னபோது எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் பேரைப் போட்டுத் தேடினால் எல்லாப் படமும் தானாக வந்துவிடுமே, நான் சொன்னதாக இருக்காதே என்று விழுங்கிக்கொண்டேன்.

அவள் வந்து சேருவதற்குள் இடி இறங்கி எக்ஸ்ரே ரூம் கம்ப்யூட்டர் புகைந்துவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் திருச்சியிலிருந்து ரஞ்சித்குமார் என்று ஒரு பையன் புது மெஷினோடு வந்தான். பழைய மெஷின் செத்தாலும் உள்ளே இருந்த டிஸ்க் பிழைத்திருந்தது. புது மெஷினில் இடம் கம்மி, அதனால் பழைய டிஸ்கைத் துடைத்துச் சுத்தம் செய்து இதில் மாட்டிவிட வேண்டும் என்பது அரங்கநாதன் சாரும் அவனும் பேசி வைத்தது. துடைப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் படங்களை வெளியே எடுக்க வேண்டும். புது மெஷினுக்கு மானிட்டர் வந்து சேரவில்லை. பழைய டிஸ்கை அதில் சொருகி, தன் பென்டிரைவில் கொண்டுவந்த சிஸ்டத்தில் அதை ஓடவைத்து, என் டோக்கன் கம்ப்யூட்டரிலிருந்தே அதோடு தொடர்பு போட்டு ஒரு கருப்பு ஜன்னலைத் திறந்தான். எல்.எஸ் என்று இரண்டெழுத்து அடித்தான். உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று காட்டும் கமாண்டு அது.

திரை முழுக்கக் கேள்விக்குறி. நாலு நாலு பத்தியாக, மேலிருந்து கீழே வரைக்கும் கேள்விக்குறி. நடுநடுவே தேதி மட்டும் எண்ணில் தெரிந்தது.

"போச்சு சார்" என்றான். "இடியில டிஸ்க் அடிவாங்கியிருக்கு. காப்பி போட்டும் பார்த்துட்டேன், எல்லாம் எரர். ஃபார்மட் பண்ணிடலாம். எனக்கு நாலரைக்கு பஸ்ஸு."

"பண்ணிடுப்பா" என்றார் அரங்கநாதன் சார். ஆறாயிரம் பேருடைய நெஞ்சு அதற்குள் இருக்கிறது, அவருக்கென்ன, காபி ஆறிவிடும்!

மணி மூன்றே முக்கால். மணிமொழி எக்ஸ்ரே ரூமிலிருந்து ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள். மறுபடி போனாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் இவளுக்கு வழி விட்டுவிட்டுக் களைத்துப்போனார்கள்.

"தம்பி, ஒரு நிமிஷம். எளுத்துதான் கேள்விக்குறியா இருக்கு, நம்பரு நம்பராவே இருக்குல்ல? கெட்டுப்போச்சுன்னா எல்லாமேல்ல கெடணும்?"

"மேடம், பேரே போச்சுன்னா உள்ள படம் மட்டும் எப்படி இருக்கும்?"

"நகருங்க."

அவன் நகரவில்லை. நான் எழுந்து அவன் நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். "நகருன்னா நகரணும்ப்பா. நாளைக்கு அவங்க அப்பாவுக்கு நெஞ்சைப் பொளக்கப் போறாங்க, ஒனக்கு பஸ்ஸா முக்கியம்?" சத்தம் கூடிப்போய்விட்டது. அந்தப் பையன் முகம் சுருங்கி எழுந்து நின்றான். பாவம், அவன் மேல் என்ன தப்பு.

மணிமொழி நின்றபடியே குனிந்து எல்.எஸ் அடித்தாள். கேள்விக்குறிகள் கடகடவென்று ஓடின. விரலால் திரையைத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள், அதற்குள் அது மேலே ஓடிவிட்டது. "ச்சே, நிக்கவே மாட்டேங்குது. மொதப் பத்து மட்டும் பாப்போம்" என்று எல்.எஸ் அடித்து, பக்கத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, ஹெட் என்று அடித்தாள். அந்தக் கோட்டுக்குப் பைப் என்று பெயராம். முதல் கமாண்டிலிருந்து வருவதை நேராகத் திரைக்கு விடாமல், குழாய் வழியாக அடுத்த கமாண்டுக்கு அனுப்பிவிடும். ஹெட் அதில் முதல் பத்து வரியை மட்டும் வெளியே விடும்.

பத்து வரி வந்தது. பத்தும் தமிழ்!

கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தாலும் தமிழ்தான். அரியலூர் பாப்பாயி. உடையார்பாளையம் பஞ்சநாதன். ஜெயங்கொண்டம் கிருஷ்ணம்மாள். கும்பலாக நின்ற கேள்விக்குறிகள் போய், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள்.

"எப்படி மேடம்?" என்று ரஞ்சித்குமார் திரைக்குள்ளேயே புகுந்துவிடுவான் போலக் குனிந்தான்.

மணிமொழிக்கு மூச்சு வாங்கியது. "இந்த எல்.எஸ் இருக்கே, அது மொதல்ல எதுத்தாப்புல யாரு இருக்காங்கன்னு பாக்கும் தம்பி. ஆளு ஒக்காந்து நேராத் திரையில பாக்குதுன்னா, அழகா பத்தி பத்தியா அடுக்கிக் காட்டும். ஒங்க பென்டிரைவ் சிஸ்டத்துக்குத் தமிழு தெரியாதுல்ல, அதனால தெரியாத எளுத்தையெல்லாம் கேள்விக்குறி போட்டு மூடிடுச்சு. காப்பி எரர் ஆனதும் அதனாலதான், பேரை இங்கிலீஷ்ல மாத்தினா ஆயிடும். ஆளு இல்ல, குழாய்ல இன்னொரு கமாண்டுக்குப் போவுதுன்னு தெரிஞ்சா ஒரு அலங்காரமும் கெடையாது. வரிக்கு ஒண்ணா, உள்ளது உள்ளபடி குடுத்துடும். மெட்ராஸ்ல இதுலயே நான் ரெண்டு நாளு முட்டியிருக்கேன், மறந்தே போச்சு."

அவள் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆடி மாச வெயிலில் டோக்கன் வரிசையில் நின்ற பெரியப்பா முகம்தான் தெரிந்தது.

ரஞ்சித்குமார் நல்ல பையன். தலையைச் சொறிந்துகொண்டு, "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு சார், நான்தான் அவசரப்பட்டுட்டேன். இன்னிக்கு ஃபார்மட் வேணாம்" என்று அரங்கநாதன் சாரிடம் அவனே போய்ச் சொன்னான். நாலரை பஸ்ஸை விட்டுவிட்டு மணிமொழி பக்கத்தில் வந்து நின்றான்.

இனி பெயரைத் தேட வேண்டியதுதான். எல்.எஸ், குழாய்க் கோடு, தேடுகிற கமாண்டு, ராசாங்கம். மூன்று வந்தது. திருமழபாடி ராசாங்கம், செந்துறை ராசாங்கம், இன்னொருவர் ஊரில்லாமல் வெறும் ராசாங்கம். அந்த மூன்றாவதைத் திறந்தாள். படத்தின் மூலையில் வயது எழுபத்தெட்டு என்றிருந்தது. அவள் அப்பாவுக்கு அறுபத்திரண்டு. முகாம் நடந்த தேதியைப் போட்டுத் தேடினாள். நாற்பது டிரைவர் பெயர் வந்தது, அவர் பெயர் இல்லை. அன்றைக்கு அவர் போகவே இல்லை.

மணிமொழி கீபோர்டை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். வாசல், எக்ஸ்ரே ரூம், வாசல், என் மேசை. "வெட்டித்தான் ஆகணுமாக்கா? வெட்டித்தான் ஆகணும். அவரு தாங்க மாட்டாருக்கா. ஊசிக்கே மொகத்தைத் திருப்பிக்குவாரு." கண்ணில் தண்ணீர் இல்லை. கைதான் துப்பட்டா முனையை முறுக்கி முறுக்கிப் பிழிந்தது.

நானோ திகைத்துப்போனேன். நாலு தடவை நானே டோக்கன் கொடுத்திருக்கிறேன், ஒரு படம்கூட இல்லையென்றால் எப்படி? குழந்தைவேல் அண்ணன் அழித்துவிட்டதா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அண்ணன் தன்னைவிட மூத்தவர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாது. என் அப்பா வந்தால்கூட "மலரு அப்பா, உள்ள வாங்க" என்றுதான் சொல்லும். கூட வேலை பார்க்கிற பெண்ணின் அப்பா பெயரை மொட்டையாகவா தட்டியிருக்கும்?

என் பிள்ளைகள் இரண்டும் கண்முன்னால் வந்து போயின. மாரியம்மா, குத்தம் இருந்தால் என் தலையோடு போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"மணி. 'மணிமொழி அப்பா'ன்னு போட்டுப் பாருடி."

அவள் நின்றுவிட்டாள். "ஏங்க்கா?"

"போடுடி!"

போட்டாள். நாலு வரி வந்தது.

மணிமொழி அப்பா 16-08-2018
மணிமொழி அப்பா 14-11-2019
மணிமொழி அப்பா 16-09-2021
மணிமொழி அப்பா 09-02-2023

அவள் திரையைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். கிழமை கண்டுபிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "எல்லாம் என் லீவு நாளா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஒனக்குத் தெரியும். அவரு சொல்லக் கூடாதுன்னாரு, நீ சொல்லல. நாளைக்கு வெட்டிப் போட்டிருந்தாங்கன்னா?" என்னை அறைந்திருந்தால்கூட நான் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன். ஒன்றும் செய்யாமல் நாலு படத்தையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேன்"கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

வியாழக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. டோக்கன் நம்பரை மாற்றி மாற்றிக் கொடுத்து எல்லாரிடமும் ஏச்சு வாங்கினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது: "ஆறு வருஷமா ஒரே அளவு. பழைய தழும்பாம். கத்தி வேண்டாம்." நான் டோக்கன் கட்டையே மேசைமேல் வைத்துக் கும்பிட்டேன். இருமல் வெறும் சளிதானாம், மருந்து கொடுத்தார்களாம்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோரு மணிக்கு மேல் தானாக என் மேசைக்கு வந்து, ஒரு டோக்கன் சீட்டின் பின்பக்கம் பேனாவால் கேள்விக்குறிகளாகப் போட்டாள். "தமிழ் எளுத்துக்கு ஒண்ணுக்கு மூணு கேள்விக்குறி வரும்க்கா. கொம்பு, கொக்கிக்கும் தனித்தனியா மூணு. என் பேருக்கு இருபத்தொண்ணு. அன்னிக்கு மொதத் தடவை எல்.எஸ் போட்டப்பவே இருபத்தொண்ணு இருந்திச்சு, நாலு எடத்துல. நான்தான் பாக்காம ஓட்டிட்டேன்."

"டாக்டர்கிட்ட அவரு என்னடி சொன்னாரு?"

"என்ன சொல்வாரு. நாலு படத்தையும் வரிசையா மாட்டி வச்சிருக்காங்க, அவரு மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. பஸ்ஸுல வர்றப்ப கேட்டேன். 'ஒண்ணுமில்லம்மா, சும்மா எடுத்துப் பார்த்தேன்'னாரு. சும்மா யாராவது எக்ஸ்ரே எடுப்பாங்களா?" நடந்தாள், திரும்பி வந்தாள். "நான் கேட்டா சொல்ல மாட்டாருக்கா. நீ கேளு. ஒன்கிட்ட சொல்லுவாரு."

மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு என் போனிலிருந்து போட்டேன். ஸ்பீக்கரைத் தட்டி மேசைமேல் வைத்தேன். அவள் ஜன்னலோரம் நின்றாள்.

"பெரியப்பா, மலர்கொடி பேசுறேன். ஒடம்பு எப்படி இருக்கு?"

"அடடே, வாம்மா. நல்லாருக்கேன். நீ சொல்லிட்டியாமே?"

"மன்னிச்சுக்கங்க பெரியப்பா. வேற வழி தெரியல."

"சரி வுடு, நல்லதுக்குத்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்துல அது இருக்கா?"

மணிமொழி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஆறு வருஷம் அவருக்காக இவளிடம் மறைத்த வாயால் இப்போது இவளுக்காக அவரிடம் பொய் சொன்னேன். "இல்ல பெரியப்பா. அது எக்ஸ்ரே ரூம்ல இருக்கு."

பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. அப்புறம் அந்த மனுஷன் பேச ஆரம்பித்தார். இவ்வளவு பேச்சு அவருக்குள் இருக்குமென்று எனக்கே தெரியாது. "பயமா இருந்துச்சும்மா. மொதத் தடவை அந்த டாக்டரு புள்ளி இருக்குன்னு சொன்னதுக்கு மறுநாளு, லோடு போறப்ப வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதேன். தஞ்சாவூரு பஸ்ஸுல ரெண்டு தடவை ஏறி ஒக்காந்துட்டு எறங்கிட்டேன். போனா வெட்டுவான், வெட்டினா நான் போயிட்டேன்னா அந்தப் புள்ளைக்கு யாரு? அவ அம்மா போனதுக்கே மெட்ராஸ விட்டுட்டு ஓடியாந்திச்சு. ஒரு எடத்துல நிக்காம ஆடுதேம்மா அது, என்னாலதான். இதையும் சொன்னா எப்படித் தாங்கும்? ஒவ்வொரு தடவை படம் எடுத்துட்டுத் திரும்பறப்பவும், இந்த வருசம் தாண்டிட்டேன், இன்னும் ஒரு வருசம் அதுக்குச் சோறு ஆக்கிப் போடலாம்னு நெனைச்சுக்குவேன்…"

எனக்குத் திரை மங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மணிமொழி சுவரோடு சரிந்து, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். பொத்தியும் நிற்கவில்லை.

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?" என்று கத்திவிட்டாள்.

அவர் வீட்டுப் பக்கம் எங்கோ ஒரு லாரி கியர் மாற்றிப் போவது மட்டும் கேட்டது.

"மணியா?" என்றார். குரல் தினமும் ஒரு மணிக்கு வருகிற குரலாக மாறிவிட்டிருந்தது. "ஒண்ணுமில்லம்மா. சும்மா மலர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்டியா?"

மணிமொழி முகத்தைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள்.

"சாப்ட்டேன்ப்பா" என்றாள்.

டிபன் பாக்ஸ் மூடினபடி என் மேசைமேல் இருந்தது.